நீ உண்டாக்கிய மதம்

அன்பு பாப்பாவுக்கு,

நீ எழுதுகிற நாவலிலிருந்து அனுப்பிய மூன்று அத்தியாயத்தையும் பிரிண்ட் எடுத்துத்தான் படித்தேன். போனில் படித்தால் கண் எரிகிறது. அம்மா முதல் அத்தியாயத்தோடு எழுந்து போய்விட்டாள், "நம்ம பொண்ணா இப்படி எழுதுது?" என்று.

கதையில் அடிமைகளை அடக்கிவைக்க நீ உண்டாக்கிய மதம் கெட்டிக்காரத்தனமாகத்தான் இருக்கிறது. பிறக்கும்போதே ஆன்மாவுக்குக் கடன், எசமானுக்கு வாய் திறக்காமல் உழைத்தால் கழியும், ஓடினால் பிள்ளை தலையில் ஏறும். கணக்குப்பிள்ளை மூளை உனக்கு! ஆனால் உன் பூசாரிகள் எந்நேரமும் மிரட்டுகிறார்கள். அப்படி இருக்காதும்மா, இனிக்க இனிக்கப் பேசுவார்கள். 'அடியேன்' என்று சாமி முன்னால் சொன்னால் மனசு குளிர்கிறது. அதையே பண்ணைவீட்டு வாசலில் சொல்ல வைத்தால்? திருப்பாம்புரத்தில் 1201இல் பஞ்சம் தாங்காமல் ஒருவர் தன்னையும் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். கல்வெட்டு இருக்கிறது. விரட்டியது பசி, விலை கொடுத்தது சாமி.

உன் வேதமும் ஒரு எழுத்து பிசகாமல் எசமான் பக்கமே நிற்கிறது. நிஜத்தில் அவ்வளவு தோதாக அமையாது. 1807இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த அடிமைகளுக்கென்றே ஒரு பைபிள் அச்சிட்டார்கள். 1189 அதிகாரத்தில் 232தான் மிச்சம். யோசேப்பை அண்ணன்மார் விற்ற கதை இருக்கும், மோசே எகிப்திலிருந்து சனங்களை மீட்டுப்போன கதை இருக்காது. எசமானுக்குக் கீழ்ப்படி என்ற வசனம் மட்டும் பத்திரமாக இருக்கும். கும்பிடுகிற புத்தகத்துக்கே பயந்திருக்கிறார்கள், பார். உன் கதையில் அந்தக் கத்தரிக்கோலைக் காணோம். ஒரு பூசாரியாவது ராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு ஏடு கிழிக்கட்டும்.

எனக்கு உறுத்தியது வேறு. மூன்றாம் அத்தியாயத்தில் அடிமைகள் அத்தனை பேரும் அதை நம்பிவிடுகிறார்கள்.

என் தாத்தா திருத்துறைப்பூண்டிப் பக்கம் பண்ணையாள். சவுக்கடி, சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால் இரண்டும் பார்த்த உடம்பு. 1940களில் விவசாயிகள் சங்கம் வந்த பிறகுதான் அதெல்லாம் அடங்கியது. "போன சென்மத்துப் பாவம்டா" என்று பண்ணையார் சொன்னால், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு "ஆமாங்க சாமி" என்பாராம். பண்ணையார் பெயரை வாயால் சொல்லவே கூடாது. வரப்பைத் தாண்டி வயலில் இறங்கியதும் ஏரில் பூட்டிய இடப்பக்கத்து மாட்டுக்கு அந்தப் பெயர்தான்! "ஏலே, இழுடா சோம்பேறி, தின்ன தெரியுதுல்ல" என்று பொழுதுக்கும் திட்டு. வலத்து மாட்டுக்குப் பெயரே கிடையாது, அது ஒழுங்காக இழுக்குமாம். நடவுப் பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் நாற்றுமுடியை முகத்தில் வைத்துக்கொள்வார்களாம்.

இதை அப்பாயி சொல்லும்போதுகூட மாட்டின் பெயரைக் காதோடுதான் சொல்லும். நானும் இதில் எழுதவில்லை. நேரில் வா, சொல்கிறேன்.

பொங்கலுக்கு டிக்கெட் போட்டாயா? திருவாரூர் வண்டியில் இப்போதே இடம் இல்லை என்கிறார்கள்.

அப்பா