குதிரையின் குணம் ரத்தத்தில் வருமா?

அன்புள்ள மாப்ளே சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். தடைக்காலம் முடிய இன்னும் நாள் கிடக்கிறது. விசைப்படகு எல்லாம் கரையோரம் கட்டிக் கிடப்பதால் நாட்டுப்படகுக்காரர் கொண்டுவரும் மீனை விலை கேட்கவே பயமாக இருக்கிறது. பெரியவள் பரமக்குடிக்கு மாற்றல் வாங்கி வந்துவிட்டாள். உன் தங்கச்சிக்கு அதில் பெரிய நிம்மதி.

சரி, குதிரைக்கு வருகிறேன். உன் மச்சினன் மகன் ஆடியில் அந்தியூர் சந்தைக்குப் போய் ஒரு பெட்டைக்குட்டி பிடித்து எல்கைப் பந்தயத்துக்குப் பழக்கப் போகிறானா? நல்லது. பிடரி மயிரை வேரோடு பிடுங்கி வெளிநாட்டுக்கு அனுப்பினால் குட்டியின் குணத்தையே சொல்லிவிடுவார்கள் என்று யாரோ அவனிடம் சொன்னதாக எழுதியிருக்கிறாய். காலம் பூராவும் கால்நடை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டவன் என்பதால் என்னைக் கேட்கிறாய்.

அந்தச் சோதனை பொய் இல்லை. 2005இல் ஜப்பானில் இரண்டு வயதுப் பந்தயக் குதிரைகளைப் பார்த்தார்கள். மூளையில் சேதி கடத்துகிற டோபமின் என்ற ரசாயனத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பி ஒன்றுக்கான மரபணு, டிஆர்டி4 என்று பெயர். அதில் ஓரிடத்தில் ஓர் எழுத்து மாறி வருகிறது. ஒரு வகை எழுத்து உள்ள குதிரைகள் புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கி நின்று கவனிக்கின்றன. அது இல்லாதவை கிட்டே வந்து மோந்து பார்க்கின்றன. 2016இல் அதே மாதிரி இன்னொரு மூளை ரசாயனமான செரட்டோனினின் ஏற்பி ஒன்றின் மரபணுவிலும் இப்படியே ஒரு வேறுபாடு தெரிந்தது. சொன்னபடி கேட்கிற குணத்தோடு அது சேர்ந்து வந்தது, பெட்டைகளில் இன்னும் தெளிவாக.

ஆனால் இதெல்லாம் பல குதிரைகளைக் கூட்டிப் பார்த்தால் தெரிகிற சாய்வு. ஒரு குட்டியைக் காட்டி இது மிரளும், இது மிரளாது என்று சொல்ல அது போதாது. குணத்தில் பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் கை வைக்கின்றன. அதோடு, இரண்டு ஆய்வும் த்ரோபிரெட் என்கிற பந்தய இனக் குதிரைகளில் நடந்தவை. அந்தியூருக்கு வருவது கத்தியவாரியும் மார்வாரியும் அவற்றின் கலப்பும். அந்தப் பணத்துக்குக் கொள்ளு வாங்கிப் போடச் சொல்.

அதற்காக ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2021இல் பிரான்சின் லுடோவிக் ஓர்லாண்டோ குழு 273 பழங்காலக் குதிரைகளின் எலும்பிலிருந்து மரபணுத் தொகுதியை எடுத்துப் படித்தது. இன்றைய வீட்டுக் குதிரைகளின் பூர்வீகம் ரஷ்யாவின் வோல்கா, டான் ஆறுகளின் புல்வெளி. அங்கிருந்து சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் அவை பரவத் தொடங்கியபோதே இரண்டு மரபணுக்களில் மனிதன் பொறுக்கி எடுத்த தடம் அழுத்தமாக விழுந்திருக்கிறது. ஒன்று முதுகெலும்போடு தொடர்புடையது. மற்றது இசட்எஃப்பிஎம்1, மனநிலையையும் ஆக்ரோஷத்தையும் கட்டுப்படுத்தும் நரம்பணுக்கள் உருவாகத் தேவையானது. ஆள் ஏறினால் தாங்கும் முதுகு, ஏறவிடும் மனசு. இரண்டையும் பார்த்துத்தான் அன்றைக்கே இனம் பெருக்கியிருக்கிறார்கள்.

இப்போது உன் மச்சினன் மகன் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். குட்டிக்கு 64 குரோமோசோம், 32 தாயிடமிருந்து, 32 தகப்பனிடமிருந்து. கணக்குப்படி ஆளுக்குப் பாதி. ஆனால் பொலிக்குதிரை என்ன செய்கிறது? வருகிறது, சேர்கிறது, போய்விடுகிறது. பெரும்பாலும் குட்டி அதன் முகத்தையே பார்ப்பதில்லை. ஆகவே ஒரே பொலிக்குதிரைக்கு வெவ்வேறு ஊரில், வெவ்வேறு லாயத்தில் பிறந்த குட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி மிரண்டால் அது ரத்தம்தான், வேறு வழியில்லை. ஆராய்ச்சிக்காரர்களும் இந்த வழியைப் பிடித்துத்தான் அச்ச குணத்தில் ஒரு பகுதி பரம்பரை என்று கணக்குப் போடுகிறார்கள். தாய் அப்படியா? ரத்தத்தையும் கொடுக்கிறாள், வயிற்றிலும் சுமக்கிறாள், அப்புறம் மாசக்கணக்கில் குட்டியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று காட்டியும் கொடுக்கிறாள். தாயிடமிருந்து வந்த மிரட்சியில் எது ரத்தம், எது பழக்கம் என்று பிரிப்பது லேசில்லை.

பழக்கத்தின் பங்கு எவ்வளவு என்று பிரான்சில் ஓர் அழகான சோதனை செய்தார்கள். குட்டி ஈன்ற முதல் ஐந்து நாள், தினம் கால் மணி நேரம், தாய்க்குதிரையை மட்டும் மெதுவாகத் தேய்த்துவிட்டு, கையால் தீனி கொடுத்தார்கள். குட்டியை யாரும் தொடவே இல்லை. ஆனால் அந்தக் குட்டிகள் மனிதனைக் கண்டால் கிட்டே வந்தன, தொடவும் விட்டன. தாய்க்கு அப்படிச் செய்யாத மற்றக் குட்டிகள் ஒதுங்கின. ஒரு வருஷம் கழித்தும் வித்தியாசம் இருந்தது. குட்டியையே பிடித்து அமுக்கித் தடவிப் பழக்குகிற முறைக்கு இந்தப் பலன் கிடைக்கவில்லை. டென்மார்க்கில் குடை, பிளாஸ்டிக் தாள் போன்ற சாமான்களுக்குத் தாயைப் பழக்கிவிட்டு, அவளோடு குட்டியை நடத்திப் பார்த்தார்கள். அந்தக் குட்டிகள் பிறகு தனியாக வந்தபோதும் குறைவாகவே மிரண்டன.

நம் கரைக்கும் இந்தச் சண்டை பழையதுதான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர்கள் அரபுக் குதிரைக்குக் கொட்டிக் கொடுத்தார்கள். பாரசீக வளைகுடாவின் கீசுத் தீவிலிருந்து ஒப்பந்தப்படி மட்டும் வருஷத்துக்கு 1,400 என்று பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதுகிறார். மார்க்கோ போலோ இந்தப் பக்கம் வந்து, உயர்ந்த ஆண்குதிரையை உயர்ந்த பெட்டையோடு சேர்த்தாலும் இங்கே கால் கோணிய சவலைக் குட்டிதான் பிறக்கிறது என்று எழுதி வைத்தார். கூடவே குதிரையைப் பார்க்கத் தெரிந்தவன் இங்கில்லை, வேகவைத்த இறைச்சியும் சோறும் போடுகிறார்கள் என்றும் எழுதினார். முதல் வரிக்கு விடை இரண்டாவது வரியில் கிடக்கிறது என்பது என் கட்சி. ரத்தம் கப்பலில் வந்தது, வளர்ப்பு வரவில்லை. எங்கள் ஆட்கள் குதிரையோடு தீனிப் பக்குவத்தையும் சேர்த்து விற்றிருந்தால் வியாபாரம் படுத்திருக்கும் என்று நீ சிரிப்பாய், சிரி.

சுழி பற்றிக் கேட்டிருந்தாய். எஜமானுக்கு ஆகும், ஆகாது என்கிற சுழியெல்லாம் எனக்கு ஏறாது. ஆனால் நெற்றிச் சுழியை முழுசாகத் தள்ளிவிடவும் மாட்டேன். கண்மட்டத்துக்கு மேலே சுழி உள்ள மாடுகள் பிடித்து அடைத்தால் கூடுதலாக அலைமோதுகின்றன என்று 1995இல் அமெரிக்கக் கால்நடை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டினின் குழு காட்டியது. போலந்தின் கோனிக் குதிரைகளிலும் மேல்சுழி உள்ளவற்றைக் கையாளச் சற்றுக் கடினம் என்று தெரிந்தது. கருவில் தோலும் மூளையும் ஒரே அடுக்கிலிருந்துதான் உருவாகின்றன, அதனால் இருக்கலாம் என்கிறார்கள். செவலை முரடு என்பது மட்டும் வெறும் பேச்சு.

ஆகவே பையனிடம் இப்படிச் சொல்: தரகன் குட்டியைத் தனியாக ஓட்டிக் காட்டினால் நிற்க வேண்டாம். தாய் எங்கே என்று கேட்கட்டும். தாய் கூட இருந்தால் அதன் காலைத் தூக்கி லாடம் பார்க்க விடுகிறதா, பக்கத்தில் ஒரு சாக்கை உதறினால் காது எப்படிப் போகிறது, மிரண்டாலும் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று பார்க்கட்டும். தாயைக் காட்டாத ஆளிடம் விலை பேசவே வேண்டாம். பொலிக்குதிரையின் மற்ற குட்டிகள் எந்த ஊரில் ஓடுகின்றன என்று விசாரித்து ஒரு போன் போட்டால் இன்னும் நல்லது.

சந்தைக்குப் போகும் தேதி தெரிந்ததும் எழுது. முழங்கால் ஒத்துழைத்தால் நானும் வருகிறேன், ஈரோடு வரை ரயிலில் போய்விடலாம். தங்கச்சி உனக்காக முண்டு மிளகாய் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறாள், ரெண்டு கிலோ போதுமா என்று கேட்கிறாள்.

உன்,
காதர்
தேவிபட்டினம்