முதல் மாதத்திலேயே வேண்டிய உதவி

ஆசிரியர் அவர்களுக்கு,

1970களில் பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளிகளை மொழி, மாவட்ட அடிப்படையில் மாற்றியமைத்த தரப்படுத்தலால் யாழ்ப்பாணம் பட்ட காயத்தை இன்றும் மறவாத நாம், எமது மாவட்டத்துக்குள்ளேயே நிலவும் ஏற்றத்தாழ்வைப் பற்றிப் போதிய அளவு பேசுவதில்லை. நகரின் பெயர்பெற்ற கல்லூரியில் பயின்று, மாலையில் தனியார் கல்வி நிலையங்களுக்கும் செல்லும் மாணவரும், குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகேறி வரவேண்டிய நெடுந்தீவு மாணவரும், வடமராட்சி கிழக்கின் மருதங்கேணிக் கடற்றொழிலாளியின் மகளும், பல்கலைக்கழகம் புகத் தேவையான ஆகக்குறைந்த புள்ளியான ஒரே மாவட்ட வெட்டுப்புள்ளிக்கே போட்டியிடுகின்றனர்.

நல்ல பெறுபேறு பெற்ற பின்னரும் இடைவெளி குறைவதில்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை விருப்ப ஒழுங்கில் வரிசைப்படுத்த வேண்டும். எந்தப் பாடநெறியை மேலே இடுவது, எதை விட்டுவிடுவது என்பதே ஒருவரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றது. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வீட்டிலேயே ஆள் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளையோ யாரிடம் கேட்பதென்றே தெரியாமல் படிவத்தை நிரப்பி, தன் பெறுபேற்றுக்குக் கிடைத்திருக்கக்கூடிய துறையை இழந்துவிடுகின்றது. தமிழில் உயர்தரம் கற்று வந்து, விஞ்ஞான, பொறியியல் விரிவுரைகளை முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் கேட்கும்போது, அதே பிள்ளை கேள்வி கேட்கவும் கூசி ஒதுங்குவதை ஓர் ஆசிரியையாக நான் நன்கு அறிவேன். அது திறமைக் குறைவன்று.

1945 முதல் கல்வி இலவசம் என்பது பெரும் பேறு. ஆயினும் தங்குமிடம், உணவு, பயணம், மடிக்கணினி ஆகியவை இலவசமல்ல. 2025 வரவு செலவுத் திட்டத்தில் பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல உதவித்தொகை மாதம் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டதை வரவேற்கின்றேன். எனினும் புதுமுக மாணவருக்கு முதல் கொடுப்பனவு பல மாதங்கள் கழித்தே கிடைக்கின்றது. தாயின் நகை அடகுக்குப் போவதும், பிள்ளை படிப்பைக் கைவிட எண்ணுவதும் அந்த மாதங்களில்தான்.

ஆகவே, மகாபொலவும் ஏனைய நிதியுதவிகளும் அனுமதி பெற்ற மாதத்திலிருந்தே வழங்கப்பட வேண்டும். அதுவரை, புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்கள் பெரிய கல்லூரிகளின் கட்டடங்களுக்கு அனுப்பும் நிதியில் ஒரு பங்கையேனும் தீவகத்திலிருந்தும் வடமராட்சி கிழக்கிலிருந்தும் தெரிவாகும் மாணவரின் முதல் ஆறு மாதச் செலவுக்கு ஒதுக்குமாறு வேண்டுகின்றேன். விண்ணப்பக் காலத்தில் அப்பகுதிப் பாடசாலைகளுக்குச் சென்று வழிகாட்ட, அதே ஊர்களிலிருந்து ஏற்கெனவே பல்கலைக்கழகம் புகுந்த மாணவர்களும் முன்வர வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை ஆசிரியை,
யாழ்ப்பாணம்.