எம்மா பீல் விடைபெறும் காட்சியை எங்களிடமிருந்து பறிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஓடிடி தளப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் தளத்தில் நீங்கள் ஏற்றி வைத்திருக்கும் ‘தி அவெஞ்சர்ஸ்’ தொடரைப் பற்றி எழுதுகிறேன். மார்வெல் படங்களைச் சொல்லவில்லை. பிரிட்டனில் 1961 முதல் 1969 வரை ஒளிபரப்பான உளவுத் தொடரைச் சொல்கிறேன். 2012-இல் மார்வெல் படம் பிரிட்டனில் வெளியானபோது, இந்தப் பழைய தொடரோடு குழம்பிவிடக் கூடாது என்று அங்கே படத்தின் பெயரையே ‘அவெஞ்சர்ஸ் அசெம்பிள்’ என்று மாற்றினார்கள். உங்கள் தேடல் பெட்டியிலோ பெயரை அடித்தால் சூப்பர் ஹீரோக்கள் வரிசை கட்டி வந்த பிறகுதான், எங்கோ அடியில் இந்தத் தொடரின் உளவாளி நாயகன் ஜான் ஸ்டீட் தொப்பியும் குடையுமாகத் தென்படுகிறார். சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறோம்.

பொறுக்க முடியாதது, ஸ்டீடின் கூட்டாளி எம்மா பீல் விடைபெறும் ‘தி ஃபர்கெட் மீ நாட்’ எபிசோடுக்கு நீங்கள் செய்திருப்பது. இது பற்றிய எங்கள் புகார்கள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள் என்று ஒவ்வொரு முறையும் ஒரே பதில் வருகிறது. செயலி நன்றாகத்தான் ஓடுகிறது. எபிசோடுகளின் வரிசைதான் தவறு, எபிசோடை முடிக்கும் இடமும் தவறு. இந்த இரண்டையும் சரிசெய்யுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

வாராவாரம் ஒரு எபிசோட் பார்த்துப் பேசும் சிறிய கூட்டம் எங்களுடையது. இந்த முறை என் அக்கா மகளும் சேர்ந்துகொண்டாள். எம்மா பீலாக டயானா ரிக் வரும் எபிசோடுகளைப் பார்த்துவிட்டு, ‘இந்த அம்மா மாதிரி ஒருத்தி இப்போதுகூட டிவியில் இல்லை’ என்று சொன்னவள் அவள். அடுத்த சீசனுக்குப் போனால், உங்கள் பட்டியலில் முதலில் நிற்பது ‘இன்வேஷன் ஆஃப் தி எர்த்மென்’. பொன்னிற விக் வைத்த ஒரு புதுப் பெண் ஸ்டீட் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அறிமுகமும் இல்லை, விளக்கமும் இல்லை. ‘இது யார்? மிஸஸ் பீல் எங்கே? செத்துப்போயிட்டாங்களா?’ என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது?

நடந்தது இதுதான். டயானா ரிக் போவது முடிவானதும், 20 வயது கனடா நடிகை லிண்டா தோர்சனை ஸ்டீடின் புதுக் கூட்டாளி டாரா கிங் பாத்திரத்துக்கு எடுத்தார்கள். அப்போது தயாரிப்புப் பொறுப்பு பிரையன் கிளெமன்ஸ், ஆல்பர்ட் ஃபென்னல் இருவரிடமிருந்தும் போய் ஜான் பிரைஸ் கைக்கு வந்திருந்தது. அவர் காலத்தில் எடுத்த எபிசோடுகள் திருப்தியாக அமையவில்லை. பழையவர்களையே திரும்பக் கூப்பிட்டார்கள். கிளெமன்ஸ் வந்து, எம்மா விடைபெற்று டாரா உள்ளே வரும் கதையாக ‘தி ஃபர்கெட் மீ நாட்’ எபிசோடை எழுதினார். ஆகவே படம்பிடித்த வரிசையில் டாரா முதலில் வருவார், எம்மா பிறகு விடைபெறுவார். ஆனால் அந்த வரிசையில் பார்க்கும்படி யாரும் காட்டவில்லை. 1968 மார்ச் 20 அன்று அமெரிக்காவில் டாரா சீசனைத் தொடங்கி வைத்ததே இந்த எபிசோட்தான். ஒளிபரப்பியவர்களுக்குத் தெரிந்த வரிசை உங்களுக்குத் தெரியாமல் போனது எப்படி? யாரோ தயாரிப்பு எண்களை அப்படியே எடுத்துப் பட்டியலாக ஒட்டியிருக்கிறார்கள். ஒருவரும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

எங்கள் கூட்டத்தில் விவரம் தெரிந்தவர்கள் இருந்ததால் பட்டியலில் தேடிப் பிடித்து அந்த எபிசோடைப் போட்டோம். நினைவை அழிக்கும் மருந்து, துறைக்குள்ளேயே ஒரு துரோகி, ஸ்டீடும் எம்மாவும் தாங்கள் யார் என்பதே தெரியாமல் தடுமாறுவது என்று கதை நன்றாகவே போகிறது. ‘மதர்’ என்ற மேலதிகாரியாக பாட்ரிக் நியூவெல் முதன்முதலாக வருவதும் இதில்தான். ஆனால் இந்த எபிசோடை இத்தனை வருடம் கழித்தும் தேடிப் பார்ப்பது கதைக்காக அல்ல, கடைசிச் சில நிமிடங்களுக்காக.

துரோகி பிடிபட்ட பிறகு, ஸ்டீடின் வீடு. இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பிய எம்மாவின் கணவர் பீட்டர் பீல் அமேசான் காட்டில் உயிரோடு கிடைத்துவிட்டார் என்று செய்தித்தாள் சொல்கிறது. எம்மா விடைபெற வருகிறார். அதுவரை ‘மிஸஸ் பீல்’ என்றே அழைத்த ஸ்டீட் இப்போது ‘எம்மா’ என்கிறார், நன்றி சொல்கிறார். அவ்வளவுதான். அழுகை இல்லை, ஓங்கிய இசை இல்லை. படிக்கட்டில் இறங்கும்போது எதிரே டாரா ஏறி வருகிறார். ஸ்டீடுக்குத் தேநீரை இடஞ்சுழியாகக் கலக்கினால்தான் பிடிக்கும் என்று எம்மா விரலைச் சுழற்றிக் காட்டிவிட்டுப் போகிறார். கீழே காத்திருக்கும் கணவர், ஜன்னலிலிருந்து பார்க்கும் ஸ்டீடைப் போலவே தொப்பியும் குடையுமாக இருக்கிறார். ஒரு நடிகை போய் இன்னொருவர் வருவதைத் தொலைக்காட்சியில் இதைவிட மரியாதையாகச் செய்து நான் பார்த்ததில்லை.

உங்கள் தளத்தில் என்ன நடக்கிறது? எம்மா ஸ்டீடின் முன்னால் வந்து நின்றதும் படம் சுருங்கி மூலையில் ஒரு தீப்பெட்டி அளவு பெட்டிக்குள் போய்விடுகிறது. ‘அடுத்த எபிசோட்’ என்று திரை முழுக்க விளம்பரப் படம். ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணிக்கை ஓடுகிறது. ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் அடுத்த கதை ஆரம்பித்துவிட்டது. திரும்பிப் போய் ஓட்டினாலும் அதே இடத்தில் அதே பெட்டி. படிக்கட்டுக் காட்சியை எங்களால் முழுத்திரையில் பார்க்கவே முடியவில்லை. அக்கா மகளுக்கு நான் வாயால்தான் சொன்னேன். காசு கட்டிப் பார்க்கும் தளத்தில், காட்சியைக் கதையாகச் சொல்ல வேண்டிய நிலை.

இந்த எபிசோடுக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. சண்டை முடிந்தபின் ஒரு சிறு காட்சி வருவது இந்தத் தொடரின் வழக்கம். கறுப்பு வெள்ளையில் எடுத்த எம்மா சீசனில் ஒவ்வொரு கதை முடிவிலும் இருவரும் ஏதாவது ஒரு புது வாகனத்தில் ஏறிப் போவார்கள். அந்தக் காட்சிகளையெல்லாம் உங்கள் இயந்திரம் ‘பெயர்ப் பட்டியல்’ என்று முடிவுகட்டி ஒதுக்கிவிடுகிறது.

இந்தத் தொடர் ஏற்கெனவே இழந்தது போதாதா? 1961-இல் வந்த முதல் சீசனில் 26 எபிசோடுகள். அப்போது நாயகன் டாக்டர் டேவிட் கீலாக நடித்த இயன் ஹென்ட்ரி, ஸ்டீட் அவருக்கு அடுத்த இடத்தில்தான். நடிகர்களின் வேலைநிறுத்தத்தில் படப்பிடிப்பு நின்றது, ஹென்ட்ரி போய்விட்டார், பாட்ரிக் மெக்னியின் ஸ்டீட் முன்னுக்கு வந்தார். அந்த 26-இல் இன்று முழுதாகக் கிடைப்பவை மூன்றே. அதில் ‘டனல் ஆஃப் ஃபியர்’ 2016-இல்தான் கண்டெடுக்கப்பட்டது. எம்மா பீலாக முதலில் தேர்வானவர் எலிசபெத் ஷெப்பர்ட். அவரை வைத்துப் படம்பிடிக்கத் தொடங்கிய பிறகே மாற்றி டயானா ரிக்கைக் கொண்டுவந்தார்கள். அந்த ரிக்குக்கும் ஒரு கேமராமேனைவிடக் குறைந்த சம்பளம்தான் கொடுத்தார்கள். அவர் சண்டை போட்டுத்தான் கூட்டி வாங்கினார். பாதுகாக்க வேண்டியவர்கள் அன்று பாதுகாக்கவில்லை, மதிக்க வேண்டியவர்கள் மதிக்கவில்லை. மெக்னி 2015-இல் போய்விட்டார். எம்மாவுக்கு முன் ஸ்டீடின் கூட்டாளி கேத்தி கேலாக நடித்த ஹானர் பிளாக்மேனும் டயானா ரிக்கும் 2020-இல் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பதையாவது ஒழுங்காகக் காட்டக் கூடாதா? பழைய தொடர்கள் என்றால் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டத்தானா வாங்குகிறீர்கள்?

லிண்டா தோர்சனுக்கும் இதில் அநியாயம் நடக்கிறது. ரிக்கின் இடத்தில் வந்ததற்காகவே அவரை ஏற்காத ரசிகர்கள் உண்டு. அமெரிக்காவில் அவருடைய சீசனை அப்போது உச்சத்தில் இருந்த ‘லாஃப்-இன்’ நகைச்சுவை நிகழ்ச்சிக்கு எதிரே போட்டு நசுக்கினார்கள். எம்மாவே படிக்கட்டில் நின்று பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போகும் அந்தக் காட்சிதான் அவருக்குக் கிடைத்த ஒரே வரவேற்பு. அதைப் பார்க்காமல் டாராவைப் பார்ப்பவர்கள் அவரை வேண்டாத விருந்தாளியாகத்தான் நினைப்பார்கள். அக்கா மகளும் அப்படித்தான் நினைத்தாள்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடரை எங்கள் வீடுவரை கொண்டுவந்தது நீங்கள்தான், அதற்கு உண்மையாகவே நன்றி. நாங்கள் கேட்பது பெரிய வேலையும் அல்ல. டாரா கிங் சீசனில் ‘தி ஃபர்கெட் மீ நாட்’ எபிசோடை முதலாவதாக வையுங்கள். தொடர் முழுவதிலும், பெயர்ப் பட்டியல் உண்மையில் தொடங்கும் இடத்தை ஒரு மனிதரை உட்காரவைத்துப் பார்த்துக் குறியுங்கள். அதுவரைக்கும் இந்த ஒரு எபிசோடிலாவது அந்தப் பெட்டியை நிறுத்தி வையுங்கள். எந்தெந்த எபிசோடில் எந்த நிமிடத்தில் வெட்டு விழுகிறது என்று எங்கள் கூட்டத்தினர் குறித்து வைத்திருக்கிறார்கள். கேட்டால் அன்றே அனுப்புகிறோம். இந்த முறை, செயலியை மறுபடி நிறுவச் சொல்லாமல், ஒருவர் படித்துப் பதில் எழுதினால் நன்றியுள்ளவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருவர்