ஓரம் போன 140 பக்கங்கள்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள மீனா,

ஏழு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. உன் பெண்ணின் பிறந்தநாளுக்கும் வாழ்த்துச் சொல்லவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. பத்மா வில்லியனூர் பக்கம் வீடு மாறிவிட்டாள். அதே குரல், அதே சத்தம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். வேறு யாரிடம் ஆரம்பித்தாலும் பாதியில் எழுந்து போய்விடுவார்கள்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்ததும், அடுத்த ஓரிரு நாளில் தென்பெண்ணை பொங்கிக் கடலூருக்குள் வந்ததும் உனக்கு நினைவிருக்கும். ஆற்றங்கரை வீடுகளில் நனைந்து தப்பிய காகிதங்களையெல்லாம் வைத்தி சார் தம் வாசகசாலையில் சேர்த்து வைத்திருக்கிறார். நாடக நோட்டீஸ், திருவிழா அழைப்பு, கல்யாணத்துக்கு அச்சடித்த வாழ்த்துப்பா என்று பழைய பெட்டிகளில் கிடந்தவை. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மென்பொருளை வைத்து எழுத்தாக மாற்றுவதுதான் வேலை.

அங்கே இருப்பது ஒரே ஒரு 32 பிட் கணினி, அதில் டெபியன் 10 என்கிற லினக்ஸ் இயங்குதளம். யாரோ தானமாகக் கொடுத்த ஸ்கேனரின் டிரைவர் அதில் மட்டும்தான் ஓடுகிறது. டெபியன் 12 போட்டுப் பார்த்தேன், ஸ்கேனர் அசையவே இல்லை. டெபியன் 13-இல் 32 பிட்டுக்குக் கெர்னல் என்னும் மையக்கருவும் கிடையாது, இன்ஸ்டாலரும் கிடையாது. டெபியன் 10-க்கான எல்டிஎஸ் என்னும் நீண்டகாலப் பாதுகாப்பு ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்ததால், நெட்வொர்க் கேபிளை அன்றைக்கே பிடுங்கிவிட்டேன். எது போவதானாலும் பென்டிரைவில்தான். உன் லேப்டாப்பில் செய்யலாமே என்பாய். நான் போவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற ஆறு நாளும் வைத்தி சார் தனியாக உட்கார்ந்து செய்கிறார்.

டெபியன் 10-இல் இருக்கும் டெசராக்ட் 4.0. அந்தக் கணினியில் ஒரு பக்கம் படிப்பதற்குள் வைத்தி சார் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். டெசராக்ட் 5 எழுத்தைக் கண்டறியும் கணக்கை டபுள் என்னும் பெரிய எண் வடிவத்துக்குப் பதில் ஃப்ளோட் என்னும் சிறிய வடிவத்தில் போடுகிறது, அதனால் வேகம் கூடும், மெமரியும் மிச்சம். கூடவே, பக்கத்தை நிமிர்த்தி அழுக்கை எடுக்கும் சின்னக் கருவி ஒன்றின் புதிய பதிப்பும் தேவைப்பட்டது. டெபியன் 12-க்கென்று கட்டி வைத்த டெப் என்னும் நிறுவல் கோப்பையே போட்டால் என்ன என்று சாரின் பேரன் கேட்டான். அது ஜிலிப்சி என்னும் அடிப்படை நிரல் நூலகத்தின் 2.36-ஆம் பதிப்பின் மேல் கட்டியது, நம்மிடம் இருப்பது 2.28. மூலநிரலை எடுத்து, டெபியன் 10-க்குள்ளேயே வைத்து மறுபடி கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

என் லேப்டாப்பில் டெபியன் 10-இன் 32 பிட் சிரூட் ஒன்று, அதாவது தனியாக ஒதுக்கிய ஒரு குட்டி டெபியன், போட்டேன். டெசராக்ட் ஒரு ராத்திரியில் முடிந்தது. அந்தச் சின்னக் கருவிதான் படுத்தியது. பேக்கேஜ் கட்ட உதவும் டெப்ஹெல்பர் கருவியின் 13-ஆம் பதிப்பு வேண்டும் என்று நின்றது. பத்தில் இருப்பது 12. பேக்கேஜின் தேவைகளைச் சொல்லும் கன்ட்ரோல் கோப்பைத் திறந்து 13 என்பதை 12 என்று மாற்றினேன். கட்டிவிட்டது, மீனா. ஒரு எச்சரிக்கை இல்லை, ஒரு சிவப்பு வரி இல்லை. டெஸ்ட்டும் பாஸ். பதிப்பு எண்ணின் கடைசியில் மறக்காமல் டில்டே (~) போட்டேன். நாளைக்கு டெபியன் 12-க்கு மாறினால் அவர்களுடைய பதிப்பே பெரியதாகத் தெரிந்து, என்னுடையது தானாக ஒதுங்கிக்கொள்ளும். கல்லூரியில் நீ டில்டேக்குப் பதில் கூட்டல் குறி போட்டு லேப் முழுவதையும் அல்லாட வைத்தது ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன்.

இரண்டு வாரம் கழித்து வைத்தி சார் போன் செய்தார். "அம்மா, வலப்பக்கம் கடைசி எழுத்தெல்லாம் விழுங்குதே" என்றார்.

போய்ப் பார்த்தேன். 140 பக்கம் ஸ்கேன் ஆகியிருந்தது. 140-இலும் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. வட்டில் இடமில்லை என்பதால், மூலப் படங்களை அன்றன்றே அழித்துவிடும்படி ஸ்கிரிப்ட் எழுதியவள் நான்தான்.

காரணம் கண்டுபிடிக்க மூன்று ராத்திரி ஆனது. எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ரூல்ஸ் கோப்பில் 'எக்ஸிகியூட் ஆஃப்டர்' என்று தொடங்கும் ஒரு பகுதி. இன்ஸ்டால் முடிந்த பிறகு, கருவியின் அமைப்புக் கோப்பை உரிய இடத்துக்கு நகர்த்த வேண்டியது அதன் வேலை. அந்த வசதி டெப்ஹெல்பர் 12.8-இல்தான் வந்தது. பத்தில் இருப்பது 12.1.1. பழையதற்கு அந்தப் பெயரே தெரியாது, அதனால் தப்பென்றும் சொல்லாது, கூப்பிடவும் செய்யாது. தாண்டிப் போய்விடும். அமைப்புக் கோப்பு இல்லாத கருவி, தன் சொந்த அளவில் ஓரத்தை நறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. புதிய பதிப்புகளைப் பழைய டெபியனுக்காகக் கட்டித் தரும் பேக்போர்ட்ஸில், டெபியன் 10-க்கான டெப்ஹெல்பர் 13 இருந்தது, அதுவும் இன்னும் ஆவணக் களஞ்சியத்தில் கிடைக்கிறது. அதை எடுத்து சிரூட்டில் போட்டு, கன்ட்ரோல் கோப்பை ஒரு எழுத்துகூடத் தொடாமல் கட்டினேன். எல்லாம் சரியாக வந்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டியது இதைத்தான்.

134 பக்கத்தை மறுபடி எடுத்துவிட்டோம். மிச்சம் 6 பக்கம் கிடைக்கவில்லை. வெள்ளத்தில் ஊறிக் காய்ந்த தாள், முதல் தடவை கண்ணாடியில் வைத்து எடுத்ததிலேயே விளிம்பு பொடியாகிவிட்டது. அதில் ஒன்று ஒரு நாடக நோட்டீஸ். இடப்பக்கம் பாத்திரங்களின் பெயர், வலப்பக்கம் நடித்தவர்களின் பெயர். அரிச்சந்திரன் இருக்கிறான், சந்திரமதி இருக்கிறாள், லோகிதாசன் இருக்கிறான். யார் நடித்தார்கள் என்பது போய்விட்டது. அதைக் கொண்டுவந்து கொடுத்த தாழங்குடா பாட்டியிடம் என்ன சொல்வது? அவருடைய அப்பா பெயர் அந்த வலப்பக்கத்தில் இருந்தது. வைத்தி சார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாமே பாட்டியிடம் கேட்டு எழுதி வைப்போம் என்றார். எழுதினோம். அவர் அப்பாவின் பெயரும் இன்னும் இரண்டு பேரின் பெயரும்தான் பாட்டிக்கு ஞாபகம் இருந்தது.

எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் இதுதான். டெபியனில் ஒரு பேக்கேஜில் தப்பு இருந்தால் யாராவது பார்ப்பார்கள், பக் பதிவார்கள், மெயின்டெய்னர் திருத்துவார். நான் கட்டிய பேக்கேஜுக்கு நான் ஒருத்திதான். பாதுகாப்புத் திருத்தம் வந்தாலும் நான்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். எனக்கு ஒரு மாதம் முடியாமல் போனால்? கட்டி முடித்ததும் வேலை முடிந்தது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். சங்கரி அக்கா இருந்திருந்தால் "கண்ணால பாத்தியா?" என்று ஒரே கேள்வி கேட்டிருப்பார். டெபியன் 12-இன் டெப்பையும் என்னுடையதையும் பிரித்து, கோப்புப் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷம். இப்போது ஒவ்வொன்றுக்கும் அதைச் செய்கிறேன். எதை ஏன் மாற்றினேன் என்று சேஞ்ச்லாகில் முழு வாக்கியமாக எழுதுகிறேன். மூலப் படங்களுக்குத் தனி வட்டு வாங்கியாயிற்று.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? லேப்டாப்பைக் கொண்டு வா. சிரூட் போடுவதிலிருந்து பென்டிரைவில் ஏற்றுவது வரை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நான் பக்கத்தில் உட்கார மாட்டேன். நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு பேக்கேஜையும் நீ கட்டிப் பார்க்க வேண்டும். எங்கே மாட்டுகிறாயோ அங்கே நான் சரியாக எழுதவில்லை என்று அர்த்தம், உடனே குறித்துக் கொடு. அப்புறம் மூலநிரலின் ஒரு நகல் உன்னிடமும் இருக்கட்டும். இதற்கு மறுப்புச் சொல்லாதே.

உன்,
செல்வி

பி.கு.: வாசகசாலையிலிருந்து நீ எடுத்துப் போன அகராதியை வைத்தி சார் மறுபடியும் கேட்டார். அதையும் எடுத்து வா.