ஆயாவைப் பற்றி உனக்கு

அன்புள்ள மகளுக்கு,

என் அம்மா, உன் ஆயாவின் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. வியாசர்பாடியிலிருந்து ஆயாவோடு பழகிய குடும்பங்கள் அத்தனையும் வந்திருந்தன. பர்மாவிலிருந்து கப்பலில் கூட வந்தவர்களில் மிச்சமிருக்கும் ஒரு பாட்டியைப் பேரன் தூக்கிக்கொண்டு வந்தான். உன் அத்தை சமையலைப் பார்த்துக்கொண்டாள்.

கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்க முடியவில்லையே என்று போனில் அழுதாய். எட்டாம் மாதத்தில் டப்ளினிலிருந்து நீ வருவாய் என்று இங்கே ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. “எனக்கு ஒண்ணுன்னா அவளை வரச் சொல்லாதீங்க, புள்ளத்தாச்சி அலையக் கூடாது” என்று ஆயாவே அத்தையிடம் முன்கூட்டிச் சொல்லி வைத்திருந்தார். அந்த மனக்குறையை விட்டுவிடு, கண்ணு.

உனக்கு நினைவு தெரியும்போதே ஆயாவுக்கு எழுபது ஆகிவிட்டது. வெற்றிலை இடித்துக்கொண்டு, உன் கன்னத்தில் பர்மியர்கள் பூசுகிற தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிவிடுகிற ஆயாவைத்தான் நீ பார்த்தாய். நான் பார்த்து வளர்ந்தது வேறு ஒருவரை. சாதுவானவர் என்று உன் மாமா அன்றைக்குச் சொன்னபோது எனக்குச் சம்மதமாக இல்லை. ஆயா சாது இல்லை. முடிவெடுக்கிறவர். வீட்டில் எல்லாரும் திகைத்து நிற்கும்போது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

ஆயா பிறந்தது 1930இல், ரங்கூனில். அவருடைய அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அரிசி ஆலை வேலைக்குப் போனவர். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான்காரன் ரங்கூன்மீது குண்டு போட்டபோது ஆயாவுக்குப் பதினொரு வயது. நம்மவர்கள் லட்சக்கணக்கில் நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். அரக்கான் மலை வழியாகச் சிலர், தமு தாண்டி மணிப்பூர் வழியாகச் சிலர். காலராவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். ஆயாவின் சித்தப்பா அப்படிப் போனவர்தான், அப்புறம் தகவலே இல்லை. ஆயாவின் அம்மா அப்போது பிள்ளை உண்டாகியிருந்ததால் இவர்கள் நடக்கவில்லை. பெகு பக்கம் ஒரு கிராமத்தில் பர்மியக் குடும்பம் ஒன்று இடம் கொடுத்தது. நாற்று நடவும், பர்மியர்களைப் போலவே பர்மிய மொழி பேசவும் ஆயா கற்றது அங்கேதான்.

போர் முடிந்து, கல்யாணமாகி, தாத்தா மொகல் தெருவில் சின்னதாக ஒரு துணிக்கடை வைத்தார். நான் பிறந்தபோது வீட்டில் குறை ஒன்றும் இல்லை. 1962இல் பர்மிய ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அந்த மே மாதமே 50, 100 கியாட் (பர்மியப் பணம்) நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தாத்தா சேமிப்பையெல்லாம் அந்த மாதிரி பெரிய நோட்டுகளாகவே வைத்திருந்தவர். அவர் சுவரைப் பார்த்துப் படுத்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆட்சி மாறும், பொறுத்திருப்போம் என்றார். ஆயா ஒத்துக்கொள்ளவில்லை. “கடை போச்சு, காசு போச்சு. இனி பிள்ளைங்க படிப்பும் போகணுமா?” என்று கேட்டுவிட்டு, தானே போய்க் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

கப்பலேறும் முன் சோதனை நடக்கும், நகை கொண்டுபோக விடமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆயா தன் வளையல்களைப் பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்ணின் கையில் போட்டுவிட்டு, மஞ்சள் கயிற்றோடு வந்தார். பின்னால் ஒருநாள்கூட அந்த வளையல்களைப் பற்றி வருத்தமாகப் பேசியதில்லை. யாரோ அதிகாரி பறிப்பதை விட சிநேகிதிக்குக் கொடுத்தது அவருக்குத் திருப்தி.

1965இல் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினோம். ஊர் திரும்பியவர்கள் என்று எங்களைச் சொன்னார்கள். ஆயா முப்பத்தைந்து வயதில் அன்றுதான் முதன்முதலாக இந்த மண்ணை மிதித்தார். வியாசர்பாடியில் குடிசை. மழை வந்தால் முழங்கால் தண்ணீர். ரங்கூன் பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் இல்லை என்று என்னைச் சேர்க்க மறுத்தார்கள். ஆயா தினமும் காலையில் என்னைக் குளிப்பாட்டித் தலைவாரி அழைத்துப்போய் அந்தப் பள்ளி வாசலில் உட்கார்ந்துகொள்வார். சண்டை போடவில்லை, கெஞ்சவும் இல்லை. கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள்.

சோறு போட்டது அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ். விடியுமுன் நூடுல்ஸ் வேகவைத்து எண்ணெய் பிசிறி வைப்பார். வாழைத்தண்டு சூப் ஒரு பக்கம் கொதிக்கும். பூண்டு, வெங்காயம் பொரிக்கிற வாசனையில்தான் நாங்கள் கண் விழிப்போம். பீச் ஸ்டேஷன் பக்கம் தாத்தா கொண்டுபோய் விற்பார். வாங்குகிறவர்கள் முதலில் பர்மாவிலிருந்து வந்தவர்கள் மட்டும்தான். அப்புறம் துறைமுகத் தொழிலாளிகள், பாரிமுனை ஆபீஸ்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். 1969இல் பர்மா பஜார் வந்தது. தாத்தாவுக்கும் ஒரு கடை கிடைத்தது. அவர் திடீரென்று போனபோது, பொம்பளை அந்தக் கூட்டத்தில் எப்படி உட்காருவது என்று சொந்தக்காரர்கள் கடையை விற்கச் சொன்னார்கள். ஆயா முப்பதாம் நாள் முடிந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கடையைத் திறந்தார். நான் டிகிரி முடித்ததும், அத்தை டீச்சரானதும் அந்தக் கடையால்தான்.

உனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அயர்லாந்து வேலை கிடைத்தபோது, அவ்வளவு தூரம் வேண்டாம் என்று நான்தான் பிடிவாதமாக இருந்தேன். ஒருநாள் ராத்திரி ஆயா என்னைக் கூப்பிட்டு, “அங்க போனா அவ சொந்தக் கால்ல நிப்பாளா?” என்று மட்டும் கேட்டார். நிற்பாள் என்றேன். “அப்ப எதுக்குடா தடுக்கறே? நம்மள மாதிரி ஒருத்தன் விரட்டியா போறா? அவளா விரும்பிப் போறா” என்றார். மறுநாள்தான் உன்னிடம் சரி என்றேன். இத்தனை வருஷம் நீ தூரத்தில் இருப்பதைப் பற்றி ஆயா குறைப்பட்டு நான் கேட்டதில்லை. உன் சம்பளம் ஏறியதைத் தெருவெல்லாம் சொன்னார்.

அம்மா அடுத்த மாதம் முதல் வாரத்தில் அங்கே வந்துவிடுவாள், டிக்கெட் போட்டாயிற்று. அத்தோவுக்குப் போட வறுத்த கடலைமாவு, பேஜோ என்கிற மொறுமொறு பர்மிய வடை எல்லாம் அத்தை கட்டி வைத்திருக்கிறாள். நூடுல்ஸும் முட்டைக்கோஸும் நீ வாங்கி வை. புளித்தண்ணீர் கெட்டியாக இருக்கக் கூடாது, பூண்டை மட்டும் கருகவிடாமல் பொரிக்கணும். கையால்தான் பிசைய வேண்டும், கரண்டி போட்டால் ஆயா சாப்பிடவே மாட்டார். உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா