கையெழுத்தை மறுக்க நினைக்கும் கட்சிக்காரர்

காவேரிப்பட்டணம்

அன்பு மகள் கயல்விழிக்கு அப்பா எழுதுவது.

கடன் வழக்கில் நீ வக்கீலாக ஆஜராகும் கட்சிக்காரர், புரோநோட்டில் (கடன் உறுதிப் பத்திரத்தில்) உள்ள தன் கையெழுத்தை மறுக்க நினைக்கிறார், என்ன செய்வது என்று கேட்ட உன் கடிதம் கிடைத்தது. கட்சிக்காரரின் பெயரையும் ஊரையும் எனக்குக்கூடத் தெரிவிக்காமல் எழுதியிருக்கிறாய், அதுதான் முறை. வாங்கியது இரண்டு லட்சமாக இருக்க, புரோநோட்டில் ஐந்து லட்சம் என்று நிரப்பியிருந்தால் அவருக்குக் கோபம் வருவது நியாயமே. அதற்காக, உன்னிடம் ஒப்புக்கொண்ட கையெழுத்தைக் கோர்ட்டில் தன்னுடையதல்ல என்று அவர் சத்தியம் செய்ய நீ துணைபோக முடியாது.

குற்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரை நீதிபதி கேள்வி கேட்கும்போது சத்தியப் பிரமாணம் கிடையாது. சிவில் வழக்கிலோ, 2002 திருத்தத்துக்குப் பிறகு, முதல் விசாரணையே (சாட்சி தன் தரப்புக்காகச் சொல்லும் சாட்சியமே) பிரமாண வாக்குமூலமாகத்தான் தாக்கலாகிறது. அதன் வாசகத்தை எழுதப்போவது நீ. கட்சிக்காரரின் வெறும் ஊதுகுழலாக வக்கீல் இருக்கக்கூடாது, தவறான வழியில் பிடிவாதமாக நிற்பவருக்காக ஆஜராக மறுக்க வேண்டும் என்றே வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதியும் சொல்கிறது.

கோர்ட்டில் நான் பெஞ்ச் கிளார்க்காக இருந்த காலத்தில், மாங்காய்த் தோப்புக் குத்தகைக்கு வாங்கிய கடன் வழக்குகளில் இந்த மறுப்பு என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்துவதே இல்லை. தன் வக்கீலை நியமித்து சாட்சி கையெழுத்திட்ட வக்காலத்தை நீட்டி, "இது உங்கள் கையெழுத்துதானே?" என்பார். சாட்சி ஆமென்றதும் புரோநோட்டைப் பக்கத்தில் வைப்பார். அதற்குப் பிறகு சாட்சி சொல்லும் உண்மையும் எடுபடாது. பொய்ச் சாட்சிக்கு ஏழாண்டு வரை சிறை உண்டு என்பதையும் உன் கட்சிக்காரரிடம் சொல். ஆனால் அவர் மனத்தை மாற்றப்போவது அந்த வக்காலத்துக் காட்சிதான்.

கையெழுத்தை ஒப்புக்கொண்டால், பணம் கைமாறியது என்ற சட்ட ஊகம் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (Negotiable Instruments Act) 118ஆம் பிரிவின்படி அவருக்கு எதிராக எழும். அது உடைக்கக்கூடிய ஊகம்தான். தொகை எவ்வளவு, வட்டி எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு என்று போராட இடமிருக்கிறது. கந்துவட்டித் தடைச் சட்டமும் 2003 முதல் இருக்கிறது.

எவ்வளவு சொல்லியும் கேட்காவிட்டால், போதிய அவகாசத்துடன் அறிவித்து, வேலை செய்யாத பகுதிக்கான பீஸைத் திருப்பிக் கொடுத்து, கோர்ட்டின் அனுமதியோடு விலகு. அந்த மனுவில் காரணத்தை விவரிக்காதே. அவர் உன் அறையில் சொன்னது எதிர்த்தரப்பின் காதுக்குப் போகக்கூடாது.

வழக்குக்கு எழுத்தில் தாக்கல் செய்யும் பதிலுரைக்கு 30 நாள்தான், கோர்ட் நீட்டித்தாலும் 90. ஆகவே இந்த வாரமே அவரைத் தனியாக அழைத்துப் பேசு. வரும்போது வட்டி கட்டிய துண்டுச் சீட்டு, பாங்குப் பாஸ்புத்தகம், ஜிபே பதிவு எது இருந்தாலும் எடுத்துவரச் சொல்.

அப்பா