கப்பல் ஏறப்போகும் சரோஜாவுக்கு

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள சரோஜா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள். உன் முழங்கால் வலியைப் பற்றித் தனியாக எழுது. மூன்று நாளாக விடாத மழை. மேலே உங்கள் ஏற்காட்டில் இன்னும் அதிகம் என்று பஸ்ஸில் வந்த காய்க்காரம்மா சொன்னாள்.

ஆடியிலிருந்து உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ போன் பண்ணினாலும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்தேன். கப்பல் எப்படி இருந்தது என்று நீ கேட்டபோதெல்லாம் ‘நன்றாக இருந்தது’ என்று மட்டும் சொன்னேன். அது பாதி உண்மை. மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. நேற்று மல்லிகா வந்து, மார்கழி லீவில் நீங்களும் பேரனைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரில் கப்பல் ஏறப்போகிறீர்கள் என்றாள். அண்ணன் காப்பிப் பழம் பறிக்கிற நேரத்தில் தோட்டத்தை விட்டுவிட்டு வருகிறாராமே! கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷமே வயிற்றைக் கலக்கியது. இனியும் நான் மறைத்தால் எங்களுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும். காப்பி போட்டுக்கொண்டு உட்கார், கடிதம் நீளும்.

ஆடியில் கல்யாணம் கிடையாது, கொலுசு ஆர்டரும் குறைவு. அந்த மாதத்தில்தான் அவரைப் பட்டறையிலிருந்து கிளப்ப முடியும் என்று சிங்கப்பூரில் இருக்கும் பையன் டிக்கெட் போட்டுவிட்டான். நான், அவர், ராஜாமணி நாத்தனார். திருச்சியில் விமானம் ஏறி சிங்கப்பூர் போனோம். மரினா பே துறையில் புதன்கிழமை கப்பல். பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு ஞாயிறு காலை அதே இடத்துக்குத் திரும்பல். பையனுக்கு லீவு கிடைக்கவில்லை, துறைமுகம் வரை வந்து ஏற்றிவிட்டுப் போனான்.

கப்பலுக்குள் யாரும் காசைக் கையில் வாங்குவதில்லை. ஏறும்போது ஆளுக்கு ஓர் அட்டை தருகிறார்கள். ரூம் சாவியும் அதுதான், பர்ஸும் அதுதான். லீ பஜார் மளிகைக்கடையில் உங்கள் அப்பா வைத்திருந்த மாசக்கணக்கு நோட்டு ஞாபகம் இருக்கிறதா? அதே மாதிரி, வாங்க வாங்க நம் பேரில் ஏறிக்கொண்டே போகும், கடைசி நாள் கூட்டிக் கழிப்பார்கள். ஆனால் மளிகைக்காரர் உங்கள் அப்பாவின் முகத்தைப் பார்த்து எழுதினார். கப்பலில் கார்டை வாங்கி, நாம் ஒரு பைசா செலவழிக்கும் முன்பே பேங்கில் ஒரு தொகையைப் பிடித்து வைக்கிறார்கள்.

இது எங்களுக்குத் தெரியாது. கவுண்டரில் கார்டு கேட்டதும் அவர் பட்டறைக் கணக்கின் டெபிட் கார்டை நீட்டிவிட்டார். அந்தக் கணக்கில் 62,000 ரூபாய் இருந்தது. வெள்ளிக்கிழமை கூலிக்காக 41,000 ரூபாய்க்குச் செக் எழுதிக் கையெழுத்துப் போட்டு முருகேசன் மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். கப்பல்காரர்கள் ஏறிய அன்று 300 அமெரிக்க டாலர் பிடித்தார்கள். அடுத்த இரண்டு நாளும் நூறு நூறாக இன்னும் பிடித்தார்கள். மொத்தம் 500 டாலர், நம் ரூபாயில் 40,000-க்கு மேல். செலவாகவில்லை, கழியவும் இல்லை, ஆனால் எடுக்க முடியாது. வெள்ளிக்கிழமை முருகேசன் பேங்குக்குப் போனால் போதிய பணம் இல்லை என்று செக்கைத் திருப்பிவிட்டார்கள்.

கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்குத் துணிமணி எடுக்கிற வாரம், சரோஜா. எட்டு பேர் வீட்டில் கூலியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்களோ ரோமிங்கை அணைத்துவிட்டு, வைஃபைக்குக் காசா என்று அதையும் வாங்காமல், கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஞாயிறு காலை பையன் வீட்டுக்குப் போனதும்தான் போன் உயிர் பெற்றது. வாட்ஸ்அப்பில் முருகேசனிடமிருந்து பதினொரு அழைப்பு.

அவர் முப்பத்தொரு வருஷமாகக் கூலி தவறியதே இல்லை. அன்று அவர் சாப்பிடவில்லை. ஊருக்கு வந்து பட்டறையைத் திறந்தபோது முருகேசனின் மனைவி வாசலில் நின்றாள். காதில் கம்மல் இல்லை, வேப்பங்குச்சி செருகியிருந்தது. கம்மலை அடகு வைத்து ஆளுக்குக் கொஞ்சமாவது கொடுத்திருக்கிறார்கள். ‘அதனால என்னங்கம்மா, நீங்க நல்லபடியா வந்தீங்களே’ என்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கம்மலை அன்று மாலையே மீட்டுக் கொடுத்தோம். ஆனாலும் இன்றுவரை அவள் வந்தால் என் கண் முதலில் அவள் காதுக்குத்தான் போகிறது. உனக்கு எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

அந்த 500 டாலரும் உடனே விடுபடவில்லை. கப்பல் செலவு மொத்தம் 268 டாலர்தான். அது தனியாகக் கழிந்தது. பிடித்து வைத்தது அப்படியே நின்று, பன்னிரண்டு நாள் கழித்துத்தான் பேங்கில் விடுபட்டது.

அதனால் முதல் விஷயம்: டெபிட் கார்டை அந்தக் கவுண்டரில் காட்டவே காட்டாதே. அண்ணன் ஆட்கூலிக்கு வைத்திருக்கிற கணக்கின் கார்டு பக்கத்தில்கூட வரக்கூடாது. கிரெடிட் கார்டு இருந்தால் அதைக் கொடு. அதிலும் பிடிப்பார்கள், ஆனால் அது கார்டின் வரம்பிலிருந்துதான் குறையும், உங்கள் சேமிப்பைத் தொடாது. கிளம்புவதற்கு முன் பேங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைக்கச் சொல். 2020-லிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகள் பூட்டியேதான் வருகின்றன. மருமகன் திறந்துகொடுப்பார்.

கார்டே வேண்டாம் என்றால், பெரும்பாலான கப்பல்களில் ரிசப்ஷனில் ரொக்கமாகக் கட்டிவைக்கலாம். 200 டாலர் கட்டினால் அந்த 200 தீரும்வரை அட்டை ஓடும். மீந்ததைக் கடைசியில் திருப்பித் தருவார்கள். எனக்கு இப்போது தெரிந்திருக்கிற அளவு அப்போது தெரிந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பேன். ஃபாரக்ஸ் கார்டு, அதாவது முன்பே டாலர் ஏற்றிவைக்கிற கார்டு, வாங்குவதாக இருந்தால் அந்தக் கப்பல் அதைக் கணக்குக்கு ஏற்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள். சிங்கப்பூரிலிருந்து கிளம்புகிற கப்பல்களிலேயே சிலதில் கணக்கு அமெரிக்க டாலர், சிலதில் சிங்கப்பூர் டாலர். அதையும் கேட்டுவிட்டு நோட்டு மாற்று.

இரண்டாவது, டிப்ஸ். நாம் கொடுத்தால் கொடுத்தது என்று நினைக்காதே. பல பெரிய கப்பல்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறிவிடும். எங்கள் 268-இல் 192 அதுதான்! உங்கள் மூன்று பேருக்கு நான்கு இரவு, 18 டாலர் என்று வைத்தாலே 216 டாலர். குழந்தைக்கும் முழுத்தொகை போடுகிற கப்பல்கள் உண்டு. இதை டிக்கெட்டோடு சேர்த்து முன்பே கட்டிவிடலாம். கரை இறங்கிச் சுற்றிப் பார்ப்பது, ஒரு போனுக்கு மட்டும் வைஃபை, இவற்றையும் கப்பலின் இணையதளத்திலேயே மகள் வாங்கிவிடட்டும். வைஃபை, குளிர்பானத்துக்கு மொத்தமாகக் கட்டுகிற பேக்கேஜ் மாதிரியானவை ஏறியபின் வாங்குவதைவிட முன்னால் வாங்கினால் பெரும்பாலும் மலிவு. முன்னால் கட்டியது கப்பல் கணக்கில் ஏறாது.

ஆனால் ஒன்று. டிக்கெட் எடுத்துக்கொடுத்த ஏஜென்ட் ‘உங்களுக்குக் கப்பலில் செலவழிக்க 50 டாலர் இனாம்’ என்று போட்டிருக்கிறாரா என்று கேள். இதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் மீதியைக் காசாகத் தருவார்கள். இன்னொன்றில் கடைசி ராத்திரியோடு போச்சு. இரண்டாவது வகையாக இருந்தால் எல்லாவற்றையும் முன்னால் கட்டிவிடாதே. டிப்ஸைக் கப்பலிலேயே ஏற விடு, இனாம் அதில் கழிந்துவிடும். இல்லையென்றால் கடைசி ராத்திரி கடையில் நின்று வேண்டாத பொம்மையை வாங்குவாய். உன்னை எனக்குத் தெரியாதா, ஓமலூர் சந்தையில் நடந்ததை நான் மறக்கவில்லை.

இப்போது நாத்தனார் கதை. எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

கேபினில் நுழைந்ததும் மேஜைமேல் இரண்டு தண்ணீர் பாட்டில். நாத்தனாருக்குத் தாகம், எடுத்துத் திருகப் போனார். கழுத்தில் நூல் கட்டின ஒரு சின்னச் சீட்டு தொங்கியது. 4.50 என்று போட்டிருந்தது. அவர் கணக்குப் போட்டார். தண்ணீருக்கு முந்நூற்றுச் சொச்ச ரூபாயா? பாட்டிலை இருந்த இடத்திலேயே, சீட்டு முன்பக்கம் தெரிகிற மாதிரி, திருப்பி வைத்தார். அதோடு சரி. இரண்டு நாள் வீட்டிலிருந்து கொண்டுபோன தட்டுவடையும் முறுக்கும்தான். சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டால் பசியில்லை என்பார். பாத்ரூம் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்திருக்கிறார். மூன்றாம் நாள் காலை நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பஃபேயில் உட்கார வைத்தேன். டீயைக் கொண்டுவந்து வைத்தால் ‘எவ்வளவு?’ என்று கேட்டார். சும்மாதான் அக்கா, டிக்கெட்டிலேயே சேர்ந்தது என்றேன். நம்பவில்லை. பக்கத்து மேஜையில் ஒருவர் மூன்றாவது கப் எடுத்துவருவதைப் பார்த்த பிறகுதான் வாயில் வைத்தார். மூன்று கப் குடித்தார், சரோஜா. இரண்டு நாள் அந்தப் பெரிய மனுஷி வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தது, எதற்குக் காசு, எதற்குக் காசில்லை என்று ஏறுவதற்கு முன் நாங்கள் சொல்லாததால்தான்.

அதனால் நீ அண்ணனிடம் இப்போதே சொல்லிவிடு. பெரிய சாப்பாட்டு அறை, பஃபே, அங்கே வைத்திருக்கிற தண்ணீர், டீ, சாதாரணக் காப்பி எல்லாம் டிக்கெட்டில் சேர்ந்தவை. காசு கேட்பது பாட்டில் தண்ணீர், அறையில் இருக்கும் சின்ன ஃபிரிட்ஜ், குளிர்பானம், மெஷின் காப்பிக்கடை, தனியாக இருக்கும் ஓட்டல்கள். காப்பிக்கடையிலும் பாரிலும் விலையோடு இன்னும் 18, 20 சதவீதம் சேவைக்கட்டணம் ஏறும். அண்ணனுக்கு உங்கள் தோட்டத்துப் பொடி இல்லாமல் ஆகாது என்றால் பையில் போட்டுக்கொண்டு போங்கள். படம் எடுக்க ஆள் வந்தால் நின்று சிரியுங்கள், எடுப்பதற்குக் காசில்லை. வாங்கினால்தான் காசு, எங்களிடம் ஒரு படம் 22 டாலர். தலைசுற்றினால் முதலில் ரிசப்ஷனில் மாத்திரை கேள், பல கப்பல்களில் சும்மாவே தருவார்கள். டாக்டரைப் பார்த்தால் அது கணக்கில் ஏறும். பயண இன்சூரன்ஸ் எடுத்துக்கொள், டாக்டர் பில்லைத் தொலைக்காதே.

போனை ஏரோப்ளேன் மோடில் போடாமல் கடலுக்குள் போகாதே. அங்கே கப்பலின் சாட்டிலைட் டவரைப் பிடித்துக்கொள்ளும், அந்த பில் ஊருக்கு வந்தபின்தான் தெரியும்.

பேரன் விஷயம். அவன் கையிலும் ஓர் அட்டை இருக்கும், அதுவும் உங்கள் கணக்கில்தான் எழுதும். விளையாட்டு மெஷின் இருக்கிற அறைக்கு அவன் போகாமல் இருக்க மாட்டான். ஒவ்வொரு தேய்ப்பும் டாலர். ஏறிய அன்றே, சாமான் வைப்பதற்கு முன்பே, ரிசப்ஷனில் போய் அவன் அட்டையில் செலவை நிறுத்தச் சொல், அல்லது இவ்வளவுதான் என்று வரம்பு போடச் சொல். அதைச் செய்து தருவார்கள். அவனிடமும் சொல்லிவிடு, தெரியாமல் மெஷின் முன்னால் போய் நின்று அவமானப்படக் கூடாது பாவம்.

தினமும் ராத்திரி படுக்குமுன் அன்றைய கணக்கைப் பார். கப்பல் ஆப்பில் இருக்கும், அறை டிவியில் இருக்கும், ஒன்றும் புரியவில்லை என்றால் ரிசப்ஷனில் தாளில் எடுத்துக் கேள். எங்கள் கணக்கில் நாங்கள் குடிக்காத ஒரு ஜூஸ் ஏறியிருந்தது. வியாழன் ராத்திரியே போய்ச் சொன்னதால் ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிட்டார்கள். கடைசிக் காலையில் பார்த்தால் வரிசை கதவு வரைக்கும் நின்றது. கிரெடிட் கார்டு கொடுத்திருந்தால், ‘ரூபாயில் கழிக்கட்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல், அவர்கள் போடுகிற மாற்று விகிதம் நமக்கு நஷ்டம். டாலரிலேயே கழியட்டும். அப்போதும் நம் பேங்க் பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம் வரை கூட எடுக்கும், அந்தக் கட்டணத்தின்மேல் ஜிஎஸ்டியும் உண்டு. ரொக்கம் கட்டச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு எழுதியதால் கப்பல் வேண்டாம் என்று சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. புக்கெட்டிலிருந்து கிளம்பிய சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் மேல்தளத்தில் நின்றோம். நாத்தனார் தலைமுடி காற்றில் அவிழ்ந்துவிட்டது, கட்டவே இல்லை. நாற்பது வருஷத்தில் நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அந்த ஒரு சாயங்காலம் உனக்கு நாலு சாயங்காலமாகக் கிடைக்க வேண்டும், அதற்குத்தான் இத்தனையும்.

அண்ணன் பறிப்பு ஆட்களின் கூலியை என்ன ஏற்பாடு செய்திருக்கிறார் என்று எழுது. செக்காக வேண்டாம், ரொக்கமாக உங்கள் மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டு வரச் சொல். மல்லிகா அடுத்த ஞாயிறு மேலே வருகிறாள், அவளிடம் எங்களிடம் மீந்த 85 டாலரும் நாத்தனார் சுட்ட தட்டுவடையும் கொடுத்துவிடுகிறேன். டாலரைத் திரும்பி வந்தபின் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். டப்பாவை மட்டும் மறக்காமல் திருப்பி அனுப்பு, போன தடவை அனுப்பிய இரண்டும் இன்னும் உன் வீட்டில்தான் இருக்கின்றன.

அன்புடன்,
உன் ஜெயா